நெஞ்சுக்குள் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு: சித்ரா வால்வு பற்றி ஒரு டூல்ரூம்காரனின் மதிப்புரை

கம்ப்ரஸர் லைன், கூலன்ட் லைன், ஹைட்ராலிக் பவர் பேக் என்று என் கையால் கழற்றி மாட்டிய நான்-ரிட்டர்ன் வால்வுகளுக்குக் கணக்கே இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரே வேலைதான்: இந்தப் பக்கம் விடு, அந்தப் பக்கம் விடாதே. ஆனால் சீட் தேயும், ஸ்பிரிங் தளரும், ஏதாவது ஒரு பிசிறு மாட்டிக்கொண்டு ஒழுகும். அதனால்தான் அவற்றுக்கு ஸ்பேர் கிட் விற்கிறார்கள். என் மனைவியின் இதயத்தில் 2017-இல் பொருத்திய டிடிகே சித்ரா வால்வுக்கு ஸ்பேர் கிட் கிடையாது. கழற்றிப் பார்த்து, துடைத்து மாட்டவும் முடியாது. நாளொன்றுக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல் திறந்து மூடுகிறது. இதுவரை ஒரு குறை சொல்ல வைக்கவில்லை.

பெங்களூர் பீன்யாவில் டூல்ரூம் வேலை எனக்கு, லக்கெரேயில் வீடு. இந்தப் பக்கம் நம்ம ஊர்க்காரர்கள் நிறைய. கிருஷ்ணகிரி, திருப்பத்தூர், ஆம்பூர்க்காரர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். யாருக்காவது வால்வு மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டால் போதும், எப்படியோ என் நம்பர் போய்ச் சேர்ந்துவிடும். "அண்ணே, இந்தியாவுல செஞ்சதாமே, நம்பிப் போடலாமா? இல்ல கடன் வாங்கியாவது ஃபாரின் வால்வு போட்டுடட்டுமா?" இதுதான் முதல் கேள்வி. ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. எந்த வால்வு யாருக்கு என்று முடிவு செய்வது சர்ஜன்தான். இது பொருளைப் பற்றி, பொருள் செய்கிற தொழிலில் இருப்பவன் சொல்வது.

முதலில் நோய். என் மனைவிக்குச் சின்ன வயதில், ஊரில் இருந்தபோது, தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து, பிறகு முழங்கால், கணுக்கால் என்று மூட்டு மூட்டாக வீங்கியிருக்கிறது. வாதக் காய்ச்சல் என்று பேர் வைத்து, எண்ணெய் தேய்த்து விட்டுவிட்டார்கள். அது ரூமாட்டிக் காய்ச்சல். தொண்டையில் வருகிற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்த்துச் சண்டை போடக் கிளம்பும் உடம்பின் காவல்படை, ஆள் தெரியாமல் இதய வால்வையும் சேர்த்து அடித்துவிடுகிறது. மூட்டு வீக்கம் வடிந்துவிடும். வால்வில் விழுந்த தழும்பு போகாது, வருடக்கணக்கில் தடித்துக்கொண்டே வரும். இரண்டாவது குழந்தை வயிற்றில் இருந்தபோது மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. அப்போதுதான் இதயத்தின் இடப்பக்க இரண்டு அறைகளுக்கு நடுவே இருக்கும் மைட்ரல் வால்வு சுருங்கிவிட்டது தெரிந்தது. தொடை ரத்தக்குழாய் வழியாக பலூன் விட்டு விரித்தார்கள். சில வருடம் நன்றாகப் போயிற்று. மறுபடி சுருங்கி, கூடவே ஒழுகவும் ஆரம்பித்தபோது, இனி விரிக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும் என்றார்கள். கார்மென்ட்ஸில் டெய்லர் வேலை பார்க்கிறாள், ஈ.எஸ்.ஐ. அவள் பேரிலேயே இருந்தது. ஆபரேஷன் செலவை அதுதான் தாங்கியது. என் சம்பளத்தை நம்பியிருந்தால் வீட்டு அட்வான்ஸையும் நகையையும் சேர்த்தாலும் எட்டியிருக்காது.

சர்ஜன் இரண்டு வகை சொன்னார். ஒன்று, பன்றி அல்லது மாட்டின் திசுவில் செய்தது. ரத்தம் கட்டாமல் இருக்க ஆயுளுக்கும் மாத்திரை வேண்டியதில்லை. ஆனால் பத்துப் பதினைந்து வருடத்தில் கெட்டுப்போகும். வயது குறைவாக இருந்தால் இன்னும் சீக்கிரம் சுண்ணாம்பு படியும், அப்புறம் மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டும். இன்னொன்று மெக்கானிக்கல். லேசில் தேயாது, ஆனால் மாத்திரை ஆயுள் முழுக்க. இவள் வயதுக்கு மெக்கானிக்கல்தான் என்றார். மேஜை டிராயரிலிருந்து ஒரு டெமோ பீஸை எடுத்துக் கையில் கொடுத்தார்.

அந்த ஐந்து நிமிடம் இவளைக்கூட மறந்துவிட்டேன் என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள். நெற்றிப் பொட்டைவிடக் கொஞ்சம் பெரிய வளையம். சுற்றிலும் வெள்ளைத் துணி, நெருக்கிப் பின்னியது. அதில்தான் தையல் போட்டு இதயத்தோடு சேர்ப்பார்களாம். உள்ளே பளபளவென்று உலோகம். அதிலிருந்து வளைந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கொக்கிகள், ஒன்று பெரிது, ஒன்று சின்னது. இரண்டுக்கும் நடுவே பால் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் வில்லை. ஆணி இல்லை, பின் இல்லை, கீல் இல்லை. விரல் நகத்தால் தொட்டேன். சாய்ந்து திறந்தது. திருப்பினேன், மூடிக்கொண்டது. அதுவாகவே கொஞ்சம் சுழலவும் செய்தது. அந்தச் சுழற்சி வேண்டுமென்றே வைத்தது. வில்லை ஒரே இடத்தில் உரசாமல் விளிம்பு முழுக்கத் தேய்மானத்தைப் பகிர்ந்துகொள்ளும். கொக்கி வளையத்தோடு சேருகிற இடத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். எங்கள் வேலையில் முதலில் நகம் போகிற இடம் அதுதான். பர் என்கிற பிசிறு இல்லை, ஸ்டெப் இல்லை, வெல்டிங் தடம் இல்லை.

"சார், இது ஒரே பீஸா?" என்று கேட்டேன்.

"ஒரே பீஸ்தான். கோபால்ட் அலாய்."

"ஸ்டெல்லைட் மாதிரியா?"

நிமிர்ந்து பார்த்தார். "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

அன்றிலிருந்து அவருக்கும் எனக்கும் பேச்சு வேறு தினுசாகிவிட்டது.

அந்த உலோகத்தின் பேர் ஹேன்ஸ்-25. கோபால்ட்டோடு குரோமியம், டங்ஸ்டன், நிக்கல் சேர்ந்தது. ஜெட் எஞ்சினில் நெருப்பு படுகிற பாகங்களுக்குப் பயன்படுத்துகிற ஜாதி. இதை மெஷினில் ஏற்றியவர்களுக்குத்தான் தெரியும்: டூல் பட்ட இடம் உடனே இறுகிக்கொள்ளும், அடுத்த தடவை வெட்டும்போது டூலின் முனை போய்விடும். அப்படிப்பட்ட கட்டியிலிருந்து வளையத்தையும் இரண்டு கொக்கியையும் ஒரே உடம்பாக வெட்டி எடுத்திருக்கிறார்கள். ஏன் இவ்வளவு பாடு? கொக்கியைத் தனியாகச் செய்து வெல்டிங் வைத்தால் வேலை சுலபம் ஆயிற்றே என்று எந்த ஷாப்பிலும் கேட்பார்கள். அதற்குப் பதில் உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு கதை. பியோர்க்-ஷைலி என்ற வால்வின் ஒரு மாடல், 1979 முதல் 1986 வரை சுமார் 86,000 பேருக்குப் பொருத்தப்பட்டது. அதில் ஒரு கொக்கி வளையத்தோடு ஒரே உடம்பு, இன்னொன்று வெல்டிங். வெல்டிங் வைத்த கொக்கி நூற்றுக்கணக்கானவர்களுக்கு நெஞ்சுக்குள்ளேயே ஒடிந்தது. வில்லை கழன்று ரத்தத்தோடு போயிற்று. பெரும்பாலானோர் பிழைக்கவில்லை. ஃபடீக் என்றால் என்னவென்று எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வளைத்து வளைத்து நிமிர்த்தினால் கம்பி ஒரு நாள் ஒடியும். எங்கே ஒடியும் என்றால் வெல்டிங் ஓரத்தில்தான் ஒடியும்.

சித்ரா வால்வைச் செய்தவர்களும் அந்தப் பாடத்தைச் சொந்தக் காசில்தான் கற்றார்கள். இங்கேதான் அந்த முயற்சிக்குத் தலைமை வகித்த இதய சர்ஜன் டாக்டர் எம்.எஸ். வலியத்தானைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1934-இல் மாவேலிக்கரையில் பிறந்தவர், திருவனந்தபுரத்தில் எம்.பி.பி.எஸ்., இங்கிலாந்தில் சர்ஜரி, பிறகு அமெரிக்காவில் இதய அறுவை சிகிச்சைப் பயிற்சி. அங்கே அவர் வேலை கற்றது சார்ல்ஸ் ஹுஃப்னாகல் என்பவரிடம். 1952-இலேயே ஒரு குழாய்க்குள் பிளாஸ்டிக் பந்தைப் போட்டு, மனித உடம்பில் முதல் செயற்கை வால்வை வைத்தவர் அந்த ஹுஃப்னாகல். அதாவது குரு பரம்பரையிலேயே பட்டறை வாசனை உண்டு. எழுபதுகளில் வலியத்தான் ஊர் திரும்பித் திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரா திருநாள் மருத்துவ நிறுவனத்தைக் கட்டியெழுப்பினார். கத்தி பிடித்த பெரிய சர்ஜன் இன்னும் நிறைய ஆபரேஷன் செய்திருக்கலாம், பேரும் காசும் அதில்தான். ஆனால் அவரிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் என் மனைவி மாதிரிதான்: சின்ன வயது, ரூமாட்டிக் நோய், கையில் காசில்லை. வால்வு இறக்குமதி. ஆபரேஷன் செய்யத் தெரியும், செய்ய ஆளும் இடமும் இருக்கிறது, உள்ளே வைக்கிற பொருள்தான் எட்டாத விலை. அந்த விலையும் சர்ஜனுடைய பிரச்சினைதான் என்று எடுத்துக்கொண்டதுதான் அந்த மனிதர் செய்த பெரிய காரியம் என்று நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரியோடு சேர்த்து, பூஜப்புரையில் ஒரு பழைய அரண்மனையில், பொறியாளர்களையும் உலோகக்காரர்களையும் வைத்து ஒரு பிரிவு நடத்தினார்கள். முதல் மாடலில் வெல்டிங் பக்கம் விரிசல். அடுத்ததில் வில்லைக்குச் செயற்கை நீலக்கல், வளையமும் கொக்கிகளும் சேர்ந்த கூட்டுக்கு டைட்டானியம், டைட்டானியம் தேய்ந்தது. பிறகு கூட்டை ஹேன்ஸ்-25-க்கு மாற்றினார்கள். டெஸ்ட் ரிக்கில் பிரமாதமாக ஓடியது. செம்மறியாட்டுக்கு வைத்தார்கள். ஆட்டின் நெஞ்சுக்குள் நீலக்கல் வில்லை உடைந்து ஆடு செத்தது.

இதை முதன்முதலில் படித்தபோது சிரிப்பும் வந்தது, பரிதாபமாகவும் இருந்தது. எங்கள் பீன்யாவில் புதிதாகச் சேருகிற பையன்கள் அத்தனை பேரும் செய்வதுதான் இது. தேயக்கூடாது என்றால் இருப்பதிலேயே கெட்டியான பொருளைத் தேடிப் போவார்கள். நீலக்கல் கெட்டிதான், வைரத்துக்கு அடுத்த படி. ஆனால் கெட்டியாக இருப்பது வேறு, அடி தாங்குவது வேறு. கடைசியில் நான்காவது மாடலில் அவர்கள் போய் நின்ற இடம், யு.எச்.எம்.டபிள்யூ பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக். எங்கள் ஷாப்பில் கன்வேயர் செயினுக்கு அடியில் தேய்மானம் தாங்கும் பட்டையாகப் போடுகிறோமே, அதே குடும்பம், மருத்துவத் தரத்தில். இடுப்பு மூட்டு மாற்றுக்கும் இதைத்தான் கிண்ணமாக வைக்கிறார்கள். கெட்டியான உலோகத்துக்கு எதிரே வழுக்குகிற, கொஞ்சம் விட்டுக்கொடுக்கிற பொருள். ஷாஃப்டும் புஷ்ஷும் அப்படித்தானே ஜோடி சேர்க்கிறோம்?

1990 டிசம்பர் 6-இல் முதல் நோயாளிக்கு வைத்தார்கள். அதோடு கடையைத் திறந்துவிடவில்லை. 1995 வரை ஆறு மருத்துவமனைகளில் 306 பேருக்குப் பொருத்தி, ஒவ்வொருவரையும் பின்தொடர்ந்து பார்த்த பிறகுதான் டிடிகே நிறுவனம் வழியாகச் சந்தைக்கு வந்தது. ஆமாம், பிரஸ்டீஜ் குக்கர் குழுமம்தான். "குக்கர் வால்வு செய்யறவனா இதய வால்வு செய்யறான்?" என்று இவள் அப்பா கேட்டார். குக்கர் வால்வுக்கு வாரன்ட்டி உண்டு மாமா, இதற்கு அதுகூடக் கிடையாது என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைய தேதிக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சித்ரா வால்வுகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. இப்படிப்பட்ட வால்வுகளுக்குச் சர்வதேசத் தரவிதி 40 கோடி தடவை திறந்து மூடும் சோதனையைக் கேட்கிறது. நிமிடத்துக்கு 72 துடிப்பு என்று வைத்தால் அது கிட்டத்தட்ட பத்தரை வருடம். ரிக்கில் வேகமாக ஓட்டி மாதக் கணக்கில் முடிக்கிறார்கள். வலியத்தான் 2005-இல் பத்ம விபூஷண் பெற்றார், 2024 ஜூலையில் 90 வயதில் மணிப்பாலில் காலமானார். அன்றைக்கு பெங்களூரில் எத்தனை பேருக்கு அந்தச் செய்தி கண்ணில் பட்டிருக்கும் என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் இவள் சாயங்காலம் விளக்கேற்றியபோது அவருக்கும் சேர்த்து ஏற்றினாள்.

சரி, பயன்பாட்டுக்கு வருவோம்.

சத்தம். மெக்கானிக்கல் வால்வு போட்டால் கடிகாரம் மாதிரி டிக் டிக் என்று கேட்டுக்கொண்டே இருக்கும், தூக்கம் வராது என்று பயமுறுத்துவார்கள். வில்லைக்குப் பதில் கார்பன் இலை வைத்த வால்வுக்காரர் ஒருவரோடு வெயிட்டிங் ஹாலில் உட்கார்ந்திருந்தேன், இரண்டு நாற்காலி தள்ளியும் கேட்டது. இவளுடையது பிளாஸ்டிக் வில்லை, அதனால் சத்தம் குறைவு. கரன்ட் போய் ஃபேன் நின்ற ராத்திரியில், இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் அவளுக்கே கேட்குமாம். "பக்கத்துல யாரோ தாயக்கட்டை உருட்டற மாதிரி" என்பாள். எனக்குக் காதை வைத்தால்தான் கேட்கும். எண்ணிக்கொண்டே தூங்கிப்போன நாளும் உண்டு.

எக்ஸ்ரே. யாருக்கும் முன்கூட்டிச் சொல்ல மறந்துவிடுகிறார்கள், நான் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷனுக்குப் பிறகு எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மார்பெலும்பைச் சேர்த்துக் கட்டிய ஸ்டீல் கம்பி முடிச்சுகள் மேலிருந்து கீழாக வரிசையாகத் தெரிந்தன. வால்வின் வளையம் தெரிந்தது, கொக்கிகள் தெரிந்தன. வில்லையைக் காணோம். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. பியோர்க்-ஷைலி கதை வேறு மண்டையில். ஓடிப்போய் டியூட்டி டாக்டரிடம் காட்டினால் அவர் நிதானமாக, "பிளாஸ்டிக் எக்ஸ்ரேல தெரியாதுங்க, எக்கோ எடுத்தாத்தான் தெரியும்" என்றார். எக்கோ என்பது இதயத்துக்கு எடுக்கிற அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். உண்மைதான். வில்லை சரியாகத் திறக்கிறதா, ரத்தக்கட்டி ஏதும் அதைப் பிடித்து வைத்திருக்கிறதா என்பதற்கு வில்லையிலோ இலையிலோ உலோகம் கலந்த வால்வுகளில் எக்ஸ்ரே படமாகவே ஓடவிட்டுப் பார்க்கலாம். இதில் எக்கோவை நம்பித்தான் இருக்க வேண்டும். குறை என்று சொன்னால் நான் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். எக்கோ எங்கே நன்றாக எடுக்கிறார்கள் என்று முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனை. ஈ.எஸ்.ஐ. ரெஃபரலில் போன தனியார் மருத்துவமனை, பேர் வேண்டாம். ஆபரேஷன் தியேட்டருக்கு உள்ளே நடந்ததற்கு முழு மதிப்பெண். ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். உள்ளே கொண்டுபோகும் முன் வார்டில் பேரைக் கேட்டார்கள், லிஃப்ட் பக்கத்தில் கேட்டார்கள், மயக்க மருந்து டாக்டர் கேட்டார், என்ன ஆபரேஷன் என்று அவள் வாயாலேயே சொல்லச் சொன்னார்கள். "கையில பட்டை கட்டியிருக்கு, ஃபைல்ல எழுதியிருக்கு, இன்னும் எத்தனை பேர்கிட்டதான் சொல்றது" என்று இவளுக்குக் கடுப்பு. எனக்கு நிம்மதியாக இருந்தது. பிரஸ்ஸில் கை விடுவதற்கு முன்னால் நாங்கள் பவரை இழுத்துப் பூட்டி, சாவியைப் பையில் போட்டு, பக்கத்தில் இருப்பவனிடம் வாயால் சொல்லிவிட்டுத்தான் விடுவோம். அதே ஒழுங்கு. உலக சுகாதார நிறுவனம் அதுல் கவாண்டே என்ற சர்ஜன் தலைமையில் இப்படி ஒரு சரிபார்ப்புப் பட்டியல் தயாரித்தது. மயக்கம் கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், நோயாளியை வெளியே கொண்டுவரும் முன் என்று மூன்று நிறுத்தம். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்து 2009-இல் வெளியிட்டார்கள். ஆபரேஷனுக்குப் பின் இறப்பு நூற்றுக்கு 1.5-லிருந்து 0.8 ஆகக் குறைந்தது. புது மருந்து இல்லை, புது மெஷின் இல்லை. பேரைக் கேட்டதும், பஞ்சை எண்ணியதும், எல்லோரும் ஒரு நிமிடம் நின்று பேசிக்கொண்டதும்தான்.

ரத்தம் கொடுக்க ஆள் கொண்டு வாருங்கள் என்றார்கள். ஷாப்பிலிருந்து பையன்கள் பைக்கில் வந்து வரிசையாகப் படுத்தார்கள். அந்த ரத்தப் பையைத் திருப்பிப் பார்த்தால் டெருமோ பென்போல் என்று போட்டிருந்தது. அந்தப் பையின் தொழில்நுட்பமும் வலியத்தானின் அதே நிறுவனத்திலிருந்து வெளியே வந்ததுதான். அதற்கு முன் இங்கே கண்ணாடி பாட்டிலில்தான் ரத்தம் பிடிப்பார்களாம்.

தியேட்டருக்கு வெளியே வந்ததும் தரம் இறங்கிவிட்டது. டிஸ்சார்ஜ் அன்று காகிதக் கட்டு ஒன்றைக் கையில் திணித்து, "ஐ.என்.ஆர். பார்த்துக்கோங்க, அடுத்த செவ்வாய் வாங்க" என்றார் ஒருவர். ஐ.என்.ஆர். என்றால் என்ன, ஏன், எவ்வளவு இருக்க வேண்டும், ஒன்றும் இல்லை. பத்து லட்ச ரூபாய் மெஷினை இறக்கிவிட்டு மேனுவல் கொடுக்காமல் லாரியைத் திருப்பிக்கொண்டு போனால் நாங்கள் சும்மா விடுவோமா? கடைசியில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தது, டியூட்டி முடிந்து பையைத் தோளில் மாட்டியிருந்த கேரளத்து நர்ஸ் ஒருவர். பாதித் தமிழ், பாதி மலையாளம். ஒரு பேப்பரின் பின்பக்கத்தில் கோடு போட்டு, தேதி, ஐ.என்.ஆர்., மாத்திரை அளவு என்று மூன்று கட்டம் கிழித்துக் கொடுத்தார். இன்றைக்கும் நோட்டில் அதே மூன்று கட்டம்தான் ஓடுகிறது.

விஷயம் இதுதான். உடம்புக்கு இந்த வால்வு அந்நியப் பொருள், ரத்தம் அதன்மேல் உறையப் பார்க்கும். அதைத் தடுக்க அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் மாத்திரை. ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் எண்தான் ஐ.என்.ஆர். மாத்திரை குறைந்தால் கட்டி பிடித்து வில்லை சிக்கும், அல்லது கட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதம். கூடினால் ரத்தக்கசிவு. மைட்ரல் இடத்தில் மெக்கானிக்கல் வால்வு இருப்பவர்களுக்கு ஐ.என்.ஆர். பொதுவாக 2.5-க்கும் 3.5-க்கும் இடையே வைக்கச் சொல்கிறார்கள். அவரவர் டாக்டர் சொல்வதுதான் கணக்கு. எங்கள் பாஷையில் சொன்னால் ட்ராயிங்கில் போட்ட டாலரன்ஸ். மேலேயும் போகக் கூடாது, கீழேயும் போகக் கூடாது. வித்தியாசம், இங்கே ஜாப் தினமும் அளவு மாறும். முருங்கைக்கீரை சாப்பிட்டால் ஐ.என்.ஆர். இறங்கும், ஏனென்றால் கீரையில் இருக்கும் வைட்டமின் கே மாத்திரைக்கு நேர் எதிரி. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற சில ஆன்டிபயாடிக் அதை ஏற்றிவிடும். முதலில் வீட்டில் கீரையையே நிறுத்தினோம். எங்கள் ஊர்ப் பெண்ணைக் கீரை இல்லாமல் எத்தனை நாள் வைப்பது? கார்டியாலஜிஸ்ட்தான், "நிறுத்த வேண்டாம், வாராவாரம் ஒரே அளவு சாப்பிடுங்க, நான் மாத்திரையை அதுக்குத் தகுந்த மாதிரி வைக்கிறேன்" என்றார். இப்போது புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் கீரை, ஒரு கிண்ணம், அதே கிண்ணம்.

பரிசோதனைக் கூடத்தை அடிக்கடி மாற்றாதீர்கள். எங்கள் பக்கத்தில் ஒரு லேபில் வந்த எண்ணுக்கும், மெயின் ரோட்டில் இன்னொரு லேபில் மறுநாளே வந்த எண்ணுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். அளக்கிற வெர்னியரை மாற்றினால் அளவு மாறுகிற கதைதான். டாக்டர் கையிலிருக்கும் லேபிலேயே தொடர்ந்து எடுக்க ஆரம்பித்த பிறகுதான் நோட்டில் எண்கள் ஒழுங்காக ஓடின. காலையில் ரத்தம் கொடுத்து, மதியத்துக்குள் ரிசல்ட் போனுக்கு வந்து, சாயங்காலம் டாக்டர் டோஸ் சொல்லிவிட்டால் அதுதான் நல்ல சேவை. கார்மென்ட்ஸில் அரை நாள் லீவு போட்டால் அட்டென்டன்ஸ் போனஸ் போய்விடும், அதனால் காலை ஏழு மணிக்குத் திறக்கிற லேபாகப் பாருங்கள்.

வால்வில் போட்ட உழைப்பில் பத்தில் ஒரு பங்குகூட இந்தப் பின்சேவையில் நம் ஊரில் யாரும் போடவில்லை என்பதுதான் என் வருத்தம். நான்கு மாடல் செய்து, மூன்றைத் தூக்கிப் போட்டு, ஆட்டில் வைத்து, 306 பேரைப் பின்தொடர்ந்து ஒருவர் கொடுத்துவிட்டுப் போன பொருள் அது. மாதம் ஒரு தடவை ஊசி குத்தி எண் பார்த்து, அதை நோயாளிக்குப் புரிகிற பாஷையில் சொல்ல ஒரு ஆளை உட்கார வைப்பது அதைவிடக் கஷ்டமான வேலையா? தமிழிலோ கன்னடத்திலோ அரைப் பக்கம் அச்சடித்துக் கொடுத்தாலே போதும்.

ஃபாரின் வால்வா இதுவா என்று கேட்பவர்களுக்கு: இரண்டு இலை வைத்த கார்பன் வால்வுகள் 1977-இலிருந்து புழக்கத்தில் இருக்கின்றன, நல்ல பொருள், அவற்றைக் குறை சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் மாத்திரை, ஐ.என்.ஆர்., கீரைக் கணக்கு எல்லாம் அதற்கும் இதே கதைதான். கடன் வாங்கி அதைப் போட்டுவிட்டு, வட்டி கட்டுகிற அவசரத்தில் ஐ.என்.ஆர். பார்க்காமல் விட்டவரை எனக்குத் தெரியும். மிச்சமாகும் பணத்தை ரத்தப் பரிசோதனைக்கும் எக்கோவுக்கும் ஒதுக்கி வையுங்கள்.

அப்புறம், வால்வு கார்டு. மாடல், சைஸ், சீரியல் நம்பர், வைத்த தேதி, சர்ஜன் பேர் எல்லாம் போட்டுத் தருவார்கள். பல் பிடுங்கப் போனாலும், எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனாலும், ஊசி போடப் போனாலும் முதலில் அதை நீட்டுங்கள். பல் டாக்டர் முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுப்பார்; கிருமி வால்வில் போய் உட்கார்ந்துகொண்டால் மறுபடி ஆபரேஷன்தான். தலைவலி, கால்வலி என்று மெடிக்கலில் கேட்டு வலி மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். மூச்சு திடீரென்று வாங்கினால், அல்லது வழக்கமாகக் கேட்கிற சத்தம் மந்தமானால், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம், அன்றே எக்கோ. இவள் கார்டை லேமினேட் செய்து, கார்மென்ட்ஸ் ஐ.டி. கார்டோடு ஒரே கயிற்றில் மாட்டியிருக்கிறாள். கேட்டில் செக்யூரிட்டி இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பாராம். சைஸ் 27 என்று இருப்பதைப் பார்த்து, "இதென்ன மேடம், செருப்பு சைஸா?" என்று கேட்டாராம்.